கற்றுக்கொள்ளச் சம்பளம்

“முப்பது வயசுல மறுபடியும் சிலேட்டு பலப்பம் வாங்கித் தரட்டுமாடி?” என்று குத்தூஸ் அண்ணன் போட்ட சத்தத்தில் மதில்மேல் படுத்திருந்த பூனை குதித்து ஓடியது, நான் ஓடவில்லை, நான் எதற்கு ஓட வேண்டும், என் வீட்டுக் கொல்லையில் நின்று என் கொத்தமல்லியை நான் ஆய்ந்துகொண்டிருக்கிறேன், காது என்ன கதவா, வேண்டும்போது சாத்திக்கொள்ள... “அத்தா, சொல்றத முழுசா கேளுங்க” என்பது ஷாஸியா, அவருடைய ஒரே மகள், கணக்கில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிச் சென்னையில் ஒரு காலேஜில் பாடம் எடுப்பவள், லீவில் வந்திருக்கிறாள், “என்னத்த முழுசா கேக்கறது, பர்மனென்ட் வேலைய வுட்டுட்டு ஆஸ்பத்திரில ஒரு டாக்டருக்குக் கீழ போயி குந்தப் போறேங்கற, நீ நர்ஸா, கம்பவுண்டரா, மாப்பிள்ள வூட்டுல கேட்டா என்னான்னு சொல்றது?”, “கத்துக்கப் போறேன்னு சொல்லுங்க”, “இன்னும் என்னாடி பாக்கி இருக்குது கத்துக்கறதுக்கு?”, நடுவில் அவர் பெண்சாதி பதுருன்னிசா புகுந்து, “மெதுவா பேசுங்க, மதிலுக்கு அந்தாண்ட திரௌபதி அக்கா கொத்தமல்லி ஆயுற சாக்குல நிக்கும்” என்றாள் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம், சாக்காம் சாக்கு, கையில் கட்டு கட்டாக இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்... ஆனால் உள்ளே போய்விட்டால் மிச்சம் கேட்காது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடுமாம், அதற்காகத்தான் அந்தப் பெண் இப்படி மன்றாடுகிறது, போகட்டுமே அடுத்தவருக்கு, உலகத்தில் அடுத்தவர் என்றும் ஒருவர் இருக்கிறார் அல்லவா?

இதை எனக்கு முதலில் சொன்னதே அவள்தான், முந்தாநாள் சாயங்காலம் என் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “பெரியம்மா, எனக்குக் கெடச்சிருச்சி” என்றாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கணக்கு என்பதால் அந்த வீட்டில் யாருக்கும் விளங்காதது எனக்கு விளங்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, விளங்கித்தான் தொலைத்தது. ஏதோ ஒரு அறக்கட்டளையாம், கணக்கு, பௌதிகம், கம்ப்யூட்டர் என்று படித்தவர்கள் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குள் வர வேண்டும் என்று ஐந்து வருடம் சம்பளம் கொடுக்கிறார்களாம், வேலை செய்வதற்கு இல்லை, கற்றுக்கொள்வதற்கு. நேரத்தில் முக்கால் பங்கு கற்றுக்கொள்ளவும் ஆராய்ச்சி பண்ணவும் மட்டும்தானாம், அதில் கைவைத்து வேறு எந்த வேலையும் வாங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்கே நிபந்தனையாம். பெங்களூரில் நுரையீரல் பார்க்கிற ஒரு பெரிய டாக்டரம்மா, ‘இந்தப் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன், தனியாக ஆராய்ச்சி நடத்துகிற அளவுக்கு வரும்வரை நான் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாராம், வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாராம், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாராம், தப்பாகக் கேட்டால்கூடச் சிரிக்க மாட்டாராம்... இவள் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் என்ன தெரியுமா, நம் விருத்தாசலத்துத் தூசி! பீங்கான் கம்பெனியில் எவ்வளவு தூசியில் எத்தனை காலம் நின்றால் நெஞ்சுக்குள் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற வழியாம். ராத்திரி சாப்பாட்டில் இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன், செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்கிற கம்பெனி வைத்திருப்பவர், சட்டையைத் தட்டினால் மாவு மில்காரர் மாதிரி ஒரு புகை கிளம்பும், அவர் சிரித்துக்கொண்டே, “நம்ம தூசிய எண்றதுக்குச் சம்பளமா? அப்ப எனக்கும் பங்கு வருமா கேட்டு வையி” என்றார். சக்கரபாணி என்று பெயர் வைத்தவர்கள் கையில் சக்கரத்தைக் கொடுத்திருக்கலாம், இந்த மனிதருக்கு எல்லாமே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியில் என் மகன் அறிவழகன் உட்கார்ந்திருக்கிறான், எம்.பி.பி.எஸ்., இவளோடு ஒரே ஸ்கூல், ஒரே வேன், ஒரே பெஞ்சு என்றுகூடச் சொல்லலாம், மேல்படிப்பு நுழைவுத் தேர்வை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறான், நுரையீரல் பிரிவுதான் வேண்டும் என்று பிடிவாதம், கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்தது பிடிக்கவில்லை. “ஏம்மா ஷாஸியா, இதுக்கு எங்க அறிவும் போடலாமா?” என்று நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன், குழம்பைக் கிளறிக்கொண்டே, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “இல்ல பெரியம்மா, இது டாக்டருக்குப் படிக்காதவங்களுக்கு மட்டும்தான்” என்றாள். கேட்டீர்களா நியாயத்தை? டாக்டருக்குப் படித்தவன் மாடியில், படிக்காதவள் வார்டில். அவன் காதில் இது விழக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் விழுந்துவிட்டது, “நல்லதும்மா, அவளுக்கு மூள இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனான், பொறாமைப்படக்கூடத் துப்பில்லாத பிள்ளை, அவனுக்கும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது... சரி, அவனுக்காகத்தான் என்றே வைத்துக்கொள்வோம், பின்னே ஏன் ராத்திரி படுத்தபிறகு அவனுடைய தேர்வு ஞாபகம் வராமல் அந்த முக்கால் பங்கு நேரமே கண்ணுக்குள் சுற்றியது, யாரும் கைவைக்கக் கூடாத முக்கால் பங்கு, என் வீட்டில் எனக்குக் குளிக்கிற நேரத்தில்கூட “திரௌபதி, சாவி எங்க” என்று கதவைத் தட்டுவார்கள். நானும் நம்ம ஊர் கவர்மெண்ட் காலேஜில் கணக்கில் முதலாவதாக வந்தவள்தான், மேலே எம்.எஸ்ஸி. சேர் என்று புரொபசர் சொன்னார், வந்து அப்பாவிடம் சொன்னேன், அப்பா வெற்றிலை மென்றுகொண்டே “பாக்கலாம்” என்றார், அவ்வளவுதான், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். யாரும் கத்தவில்லை, யாரும் தடுக்கவில்லை, என் படிப்புக்காக அந்த வீட்டில் ஒரு தட்டுகூடச் சத்தமாக வைக்கப்படவில்லை. குத்தூஸ் அண்ணன் இந்தக் கத்து கத்துகிறாரே, போகப்போகிறவளைப் பார்த்துத்தானே கத்த முடியும்? அந்தச் சண்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை. இப்போதும் எங்கள் கம்பெனிச் சூளையைப் பிரிக்கும் முன்னால் எத்தனை பங்கு உடைசல் வரும் என்று நான் சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கும், மழை ஈரம், மண்ணின் விறைப்பு எல்லாம் பார்த்து மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவேன், அதை எங்கள் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் “எங்க வூட்டுல ஜோசியம் நல்லா பாக்கும்” என்று சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள், நானும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சிரிப்பேன்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் முக்காடு போட்ட ஒரு பெண், நாற்பது இருக்கும், வெயிலில் வந்த முகம், “அக்கா, இங்க ஊறுகா ஜாடி கெடைக்குங்களா?” என்றாள். எங்கள் கம்பெனியில் ஜாடி செய்வதில்லை என்று பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரியும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து யார் ஜாடி கேட்பார்கள், அப்போதே தெரிந்துவிட்டது, விசாரிக்க வந்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டைப் பார்ப்பார்கள், சொந்த ஜனத்திடம் கேட்டால் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள், வேறு ஜாதி, வேறு மதம் என்றால் நடுவாகச் சொல்வார்கள் என்று ஒரு எண்ணம், எத்தனையோ கல்யாணங்கள் இப்படி என் வீட்டு நாற்காலியில் முடிவாகியிருக்கின்றன, பெருமைக்குச் சொல்லவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், ஜாடியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அவளே வழிக்கு வந்தாள், மர்ஜானா என்று பெயர், மங்கலம்பேட்டை, தம்பி முகம்மது ரியாஸ் கத்தாரில் ஏசி என்ஜினீயர், ஷாஸியாவைக் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளை. அவள் வாயைத் திறக்கவும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “நான் போவத்தான் போறேன்!” என்று ஷாஸியா கத்தவும் சரியாக இருந்தது... நான் சடாரென்று எழுந்து மிக்ஸியில் சட்னிக்கு வைத்திருந்த பொட்டுக்கடலையைத் தேங்காயோடு கொட்டித் திருகிவிட்டேன்.

அந்த நொடியில் எனக்குள் ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்கே வியப்பு, எத்தனை வேகம், கணக்கு படித்த மூளை வீண்போகவில்லை: இந்தக் கல்யாணம் கூடினால் அவள் கத்தாருக்குப் போவாள், கத்தாருக்குப் போனால் பெங்களூர் போகமாட்டாள், பெங்களூர் போகாவிட்டால் அந்த டாக்டரம்மா வேறு யாருக்கோ கற்றுக்கொடுத்துவிட்டுப் போகட்டும். நல்லதைத்தானே செய்கிறேன், பதுருன்னிசா எத்தனை ராத்திரி இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகவில்லையே என்று என்னிடம் புலம்பியிருக்கிறாள்? “பொண்ணு எப்டிங்க அக்கா?” என்று மர்ஜானா மிக்ஸிக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள், “தங்கம்” என்றேன், “அதிர்ந்து பேசாது” என்றேன், அதைச் சொல்லும்போது இன்னும் ஒரு சுற்று வேகத்தைக் கூட்டவேண்டி இருந்தது, கடலை மாவாகி, மாவு பசையாகி, பாத்திரம் சூடாகிவிட்டது. “சத்தம் யாரு வூட்டுலங்க?”, “டிவிம்மா, அவங்க அத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்”, குத்தூஸ் அண்ணனுக்குக் காது பாம்புக் காது, இருக்கட்டும். அப்போது அவள் கிட்டே நகர்ந்து, ரகசியம் கேட்கிற குரலில், “ஏதோ ஆஸ்பத்திரில சம்பளத்தோட படிக்கப் போவுதாமே பொண்ணு, காலேஜ் வாட்ஸாப்புல வாழ்த்து போட்டிருந்தாங்கன்னு யாரோ தம்பிக்கு அனுப்பியிருக்காங்க, போவுதா அக்கா? வூட்டுல நேரா கேட்டா நமக்குப் புடிச்ச மாதிரிதான சொல்லுவாங்க, அதான் ஒங்ககிட்ட...” என்றாள். நான் சிரித்தேன். “அட, அதெல்லாம் சும்மா, புள்ளைங்க ஆசைக்குப் போடுறது, அதுவே வேணாம்னு எழுதிக் குடுத்துருச்சி, கல்யாணம்தான் முக்கியம்னு சொல்லுது, குடும்பத்துப் பொண்ணுங்க அது” என்றேன், மிக்ஸியை நிறுத்தினேன், நல்லவேளை, அந்தப் பக்கமும் அமைதியாக இருந்தது.

மர்ஜானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மலரும் என்று பார்த்தால் விழுந்துவிட்டது. “அப்ப போவலையா?” என்றாள், “நெசமா போவலையா?” என்று இன்னொரு தரம். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அலுப்பும் சிரிப்புமாகச் சொன்னாள், “எங்க தம்பி ஒரு மாதிரி அக்கா. எங்க வாப்பா முப்பது வருசம் சவுதியில இருந்தாரு, எங்கம்மா போனையே பாத்துக்கிட்டுக் கெழவியாயிட்டாங்க, அதப் பாத்துட்டு இவன் சொல்றான், நான் போற எடத்துக்கு ஒருத்தி வந்து குந்திக்கிட்டிருக்க வேணாம், தனக்குன்னு போவ ஒரு எடம் இருக்கிற பொண்ணா பாருங்க, அவ எங்க போறாளோ அங்க நான் வந்து வேல தேடிக்கிறேங்கறான். கத்தார் வேலைய வுடறதுக்கு லெட்டர்கூட ரெடி பண்ணிட்டான், பெங்களூர்ல ஆளுங்களக் கேட்டு வச்சிருக்கான். ஆம்பள பேசுற பேச்சா இது? நான்கூடத் திட்டினேன்.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள், இதில் நானும் சேர்ந்து திட்டுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

ஒரு வாய் திறந்தால் போதும், ‘இல்லம்மா, போறேன்னுதான் இந்நேரம் கத்திக்கிட்டிருந்திச்சி, நான்தான் மிக்ஸி போட்டு மறைச்சேன்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவள் நேராக அடுத்த வாசலுக்குப் போயிருப்பாள், சண்டை நின்றிருக்கும், குத்தூஸ் அண்ணன் சர்க்கரை வாங்கக் கடைக்கு ஓடியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் பாருங்கள், கற்றுக்கொள்ளச் சம்பளம், கற்றுக்கொடுக்க ஒரு டாக்டரம்மா, யாரும் தொடக் கூடாத முக்கால் பங்கு நேரம், இத்தனையும் போதாதென்று பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு வர ஒரு புருஷனுமா? ஒரே ஆளுக்கா? அப்படி ஒரு ஆண்பிள்ளை உலகத்தில் இருக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் மங்கலம்பேட்டையில், பஸ்ஸில் போனால் கண் அயர்வதற்குள் வந்துவிடுகிற ஊரில்... அது ஏன் இத்தனை வருடம் கழித்து, அடுத்த வீட்டு வாசலுக்கு வருகிறது? நான் மிக்ஸி மூடியைத் துடைத்தேன். “எனக்குத் தெரிஞ்சத சொன்னேம்மா” என்றேன். “நல்லது அக்கா, போயிட்டு வரேன்” என்று எழுந்தாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மறந்தவள் மாதிரி, “ஜாடி வந்தா சொல்லுங்க” என்றாள். வருவது ஜாடிக்காக என்ற பேச்சை அந்த நேரத்திலும் விடவில்லை, மரியாதை தெரிந்த பெண். அடுத்த வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள், நான் வெந்நீர் ஊற்றியும் இளகாத அந்தப் பசையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு நின்றேன், அன்றைக்கு எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான்.

புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போன் வந்தது, பெண் நல்ல பெண்தான், ஆனால் எங்களுக்குத் தோதுப்படாது என்று, காரணம் சொல்லவில்லை, சொல்லுகிற வழக்கமும் இல்லை. பதுருன்னிசா அழுதாள், மத்தியானத்துக்கு மேல் குத்தூஸ் அண்ணன், “மாப்பிள்ள வூட்டுலயே வேணாம்னுட்டாங்க, இனிமே யாருக்காகப் புடிச்சி வைக்கறது, போயித் தொலை” என்று சொன்னது இங்கே தெளிவாகக் கேட்டது, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், இந்த முறை உண்மையாகவே துணி. அதாவது, போகாமல் இருக்க நான் செய்தது எதுவோ அதுதான் அவளைப் பெங்களூருக்கு ரயில் ஏற்றியது, இந்தக் கணக்கை யார் போட்டிருந்தாலும் தப்பாகத்தான் வந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் ஷாஸியா ஓடி வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள், “பெரியம்மா, ஞாயித்துக்கெழம அவங்க ஒங்க வூட்டுக்கு வந்துட்டுத்தான் போனாங்களாமே, தெருவுல சொன்னாங்க, எனக்காக நீங்க என்னமோ சொல்லி அனுப்பிட்டீங்க, என்னா சொன்னீங்க?” என்று காதுக்குள் சிரித்தாள், அவளிடமிருந்து மருதாணியும் மழைக்கால மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை, எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், “தெரிஞ்சத சொன்னேன்” என்றேன், இரண்டாவது தடவை, அதே வார்த்தை, அவள் என் தோளில் கன்னத்தை வைத்து அழுத்தினாள், நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், கை அதுபாட்டுக்குத் தடவியது.

அதற்கப்புறம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஷாஸியா பெங்களூர் போய் இரண்டாவது வருடம் நடக்கிறது, பெண்கள் விடுதியில் தனியறை, கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் “அஞ்சு வருசம் முடியட்டும்” என்கிறாளாம். அறிவழகனுக்குக் கோயம்புத்தூரில் தோல் பிரிவில் இடம் கிடைத்தது, கூடப் படித்த பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான், பண்டிகைக்கு வருகிறான். குத்தூஸ் அண்ணனும் பதுருன்னிசாவும் மாதத்தில் பாதி நாள் மகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே கிடையாது. ரியாஸைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, போன வாரம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மர்ஜானா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், தம்பி கத்தாரை விட்டு வந்துவிட்டானாம், கட்டியிருப்பது நெல்லிக்குப்பத்துப் பெண், வக்கீலுக்குப் படிக்கிறாளாம், அவளுக்காகத் திருச்சிக்குக் குடிபோய் அங்கே ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம், “காலைல எந்திரிச்சி அவளுக்கு டிபன் கட்டிக் குடுக்கறதே இவன்தான் அக்கா, காலேஜ் வாசல் வரைக்கும் போயி வுட்டுட்டு வரான், வெக்கக்கேடு” என்று வாய் நிறையச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மணிமுத்தாறு பாலம் தாண்டுகிறவரை வயிற்றுக்குள் ஏதோ காந்திக்கொண்டே வந்தது, எனக்குத் தெரிந்த காந்தல்தான், ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த நெல்லிக்குப்பத்துப் பெண் மேலா, அவளைப் பார்த்தது கூட இல்லையே, அவள் எதைக் கட்டிக்கொண்டு போனால் எனக்கென்ன, அது எங்கள் ஷாஸியா கைக்கு வந்திருக்க வேண்டிய டிபன், ஆமாம், அதைப் போய் யாரோ ஒருத்தி... ஒரு நிமிடம், எங்கள் ஷாஸியாவா? எப்போதிலிருந்து?